தம்பியின் முதல் வருஷத் திதி வருகிறது: உறுப்புகளைக் கொடுத்தவனுக்கு எப்படி நினைவு நாள் செய்வது?

அருப்புக்கோட்டை அக்கா
10 ஆகஸ்ட் 2025, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை சமையல் பகுதியில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இதை எங்கே கேட்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன்.

போன வருஷம் ஆவணியில் என் தம்பி போய்விட்டான். வயது 31. லேத் பட்டறையில் வேலை. ராத்திரி வீட்டுக்கு வரும்போது நான்குவழிச் சாலையில் மாடு குறுக்கே வர, வண்டியை ஒடித்திருக்கிறான். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் மூன்று நாள் வைத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் காலையில் மூளைச்சாவு என்று சொன்னார்கள்.

அந்த வார்த்தையைப் பேப்பரில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கட்டில் பக்கத்தில் நின்று கேட்கும்போது அது வேறு வார்த்தை. நெஞ்சு ஏறி இறங்குகிறது. பாதம் சூடாக இருக்கிறது. மூன்று நாள் தாடி வளர்ந்திருக்கிறது. கணுக்காலில் பட்டறை கிரீஸ் கறை அப்படியே இருந்தது; நர்ஸ் பஞ்சால் துடைத்தும் போகவில்லை. இவனைப் போய் இறந்துவிட்டான் என்றால் எந்த அம்மா நம்புவாள்?

எங்களுக்குக் கைகொடுத்தது அவன் சொன்ன ஒரு பேச்சுதான். அதற்கு முந்தின வருஷம், தேனிப் பக்கம் உறுப்பு தானம் செய்த ஓர் அரசு ஊழியருக்கு அரசு மரியாதை கொடுத்த செய்தி டிவியில் ஓடியது. சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவன், "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னையும் குடுத்துருங்க, மண்ணுக்குள்ள போயி என்ன செய்யப் போகுது" என்றான். அம்மா கரண்டியை ஓங்கினார். "நாக்குல சனி" என்று திட்டினார். அந்தத் திட்டு நினைவிருந்ததால்தான் அவன் சொன்னதும் நினைவிருந்தது.

கல்லீரல், இரண்டு சிறுநீரகம், இரண்டு கருவிழி கொடுத்தோம். இதயம் எடுக்கும் நிலையில் இல்லை என்றார்கள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "கண்ணை எடுத்தா மொகம் குழி விழுந்துருமா?" விழாது என்றார்கள், விழவும் இல்லை. தூங்குகிற மாதிரிதான் இருந்தான். தோலும் கொடுக்கலாமா என்று கேட்டபோது அம்மா தலையை ஆட்டிவிட்டார். நாங்களும் அதற்குமேல் பேசவில்லை.

இப்போது முதல் வருஷத் திதி வருகிறது. பெரியப்பா வகையில் ஒரு பேச்சு: முழுசாக இல்லாத உடம்பை அடக்கம் செய்தால் ஆத்மா சாந்தி அடையாதாம், அதற்கு ஏதோ தனிப் பரிகாரம் செய்யணுமாம். மச்சானோ "ஐந்து பேருக்கு வாழ்வளித்த வள்ளல்" என்று பெரிய ஃபிளெக்ஸ் வைக்கணும் என்கிறார். அம்மாவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. என்ன பிடிக்கும் என்றும் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் யாராவது முப்பது நாற்பது வயதுக்காரர்கள் ஏறினால் உற்றுப் பார்க்கிறார். எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் கேட்பதில்லை.

இந்த மாதிரி கொடுத்த குடும்பங்கள் இங்கே யாராவது இருந்தால், நினைவு நாளில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

---

முகப்பேர் முருகன்
10 ஆகஸ்ட், இரவு 10.35

அக்கா, முதலில் உங்கள் அம்மாவுக்கு என் கும்பிடு.

பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். விபத்தில் இறந்தால் எப்படியும் போஸ்ட்மார்ட்டம் உண்டு. உறுப்பு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கத்தி படாமல் உடம்பு வீட்டுக்கு வராது. உடம்பு முழுசாக வந்தால்தான் சாந்தி என்றால் ரோட்டில் செத்த ஒருவருக்கும் சாந்தி கிடையாது என்று ஆகிவிடும். எந்தச் சாமியும் அப்படிச் சொல்லாது.

2008 செப்டம்பரில் நான் சென்னையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியின் மகன் ஹிதேந்திரன், 15 வயது, பைக் விபத்தில் மூளைச்சாவு. அப்பா அம்மா இருவரும் டாக்டர்கள். மற்ற யாரையும்விட அவர்களுக்குத்தான் இனி ஒன்றும் இல்லை என்று சந்தேகமில்லாமல் தெரியும், பாருங்கள். அந்தக் கொடுமையிலும் அவர்களே முன்வந்து கொடுத்தார்கள். தேனாம்பேட்டையில் இருந்து முகப்பேருக்கு இதயத்தைக் கொண்டுபோக போலீஸ் வழியெல்லாம் சிக்னலை நிறுத்தி விட்டது. 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது என்று மறுநாள் பேப்பரில் போட்டார்கள். பெங்களூரில் இருந்து வந்திருந்த ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்கு அந்த இதயம். எங்கள் ஸ்டாண்டில் அன்றைக்கு முழுக்க அதே பேச்சுதான். அதுவரை மூளைச்சாவு என்றால் என்னவென்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டில் இன்றைக்கும் செப்டம்பர் 23ஐ உறுப்பு தான நாளாக வைத்திருக்கிறார்கள். ஒரு பையனின் நினைவு ஒரு மாநிலத்துக்கே நாளாகிவிட்டது.

---

தறிக்காரன்
11 ஆகஸ்ட், காலை 6.20

அக்கா, உங்கள் குடும்பத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மனசில் இருப்பதை எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குப் பள்ளிபாளையம். எங்கள் ஊர் இப்போது எதற்காகச் செய்தியில் அடிபடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். விசைத்தறியில் வேலை செய்கிற, கந்துவட்டியில் மாட்டின ஜனங்களிடம் புரோக்கர்கள் சிறுநீரகம் வாங்கி விற்றார்கள். எங்கள் தெருவிலேயே இடுப்பில் தையல் தழும்போடு தறி ஓட்டுகிறவர்கள் உண்டு. கடனும் தீரவில்லை, உடம்பும் போச்சு. 90களில் சென்னை வில்லிவாக்கத்தைக் கிட்னிவாக்கம் என்று சொன்னார்கள். சுனாமிக்குப் பிறகு எண்ணூர்ப் பக்கம் மீனவக் குடியிருப்பிலும் இதே கதை நடந்தது. 2018இல் இங்கே தானமாக வந்த இதயங்கள் வெளிநாட்டு நோயாளிகளுக்குப் போனதாகப் பெரிய சர்ச்சை எழுந்தது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, ஐசியூ வாசலில் நிற்கும்போது ஒருவர் வந்து "மூளைச்சாவு, கையெழுத்துப் போடுங்கள்" என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். பணக்காரன் ஒருவன் எங்கோ காத்திருக்க, அவனுக்காக நம் பிள்ளையைச் செத்துவிட்டான் என்று சொல்கிறார்களோ என்றுதான் தோன்றும். இதற்குப் பதில் தெரிந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

---

இரவுப்பணி
11 ஆகஸ்ட், மதியம் 2.10

நான் ஒரு மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். தறிக்காரன் சார் சொல்லும் அந்த "ஒருவர்" நான்தான். ஐசியூ வாசலில் குடும்பத்தை உட்கார வைத்துப் பேசுவது என் வேலை. இந்தச் சந்தேகத்தைக் கேட்காத குடும்பம் குறைவு. கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் மூளைச்சாவு. கோமா வேறு, இது வேறு. கோமாவில் மூளை உயிரோடு இருக்கும், திரும்பி வர வழி உண்டு. மூளைச்சாவில் மூளைத்தண்டு செத்துவிட்டது, அதற்கு மீட்சி கிடையாது. இதயம் தானாகத் துடிக்கத் தெரிந்த உறுப்பு. வென்டிலேட்டர் காற்றைக் கொடுக்கும்வரை சில மணி நேரமோ சில நாட்களோ துடித்துக்கொண்டிருக்கும். அக்கா தொட்ட பாதம் சூடாக இருந்தது அதனால்தான்.

இதை ஒரு டாக்டர் சொல்லிவிட முடியாது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவில் இருக்கும் யாரும் அந்த நான்கு பேரில் இருக்கக் கூடாது. சோதனையை ஒருமுறை செய்து, குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். கண்மணியில் வெளிச்சம் அடிப்பது, கருவிழியைப் பஞ்சால் தொடுவது, காதுக்குள் குளிர்ந்த நீர் விடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கடைசியில் மூச்சுச் சோதனை. ஆக்சிஜனை மட்டும் கொடுத்துக்கொண்டு வென்டிலேட்டரைக் கழற்றிவிடுவார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, உயிருள்ள மூளைத்தண்டு எப்படியாவது ஒரு மூச்சு இழுத்தே தீரும். நெஞ்சு அசைகிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்போம். இத்தனை வருஷத்திலும் அந்த நிமிடங்களில் என் மூச்சையும் நான் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். ஒரே ஒரு தடவை அசைந்துவிடாதா என்று மனசு கிடந்து அடிக்கும்.

அந்த ஆறு மணி நேர இடைவெளியில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்த வேறு டாக்டரிடம் போனில் பேசுங்கள். அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

அடுத்தது, யாருக்குப் போகிறது என்பது. பதிவு செய்து காத்திருப்பவர்களின் வரிசையைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் வைத்திருக்கிறது. ரத்தப் பிரிவு, காத்திருந்த காலம், நோயின் தீவிரம் பார்த்து அங்கிருந்துதான் ஒதுக்குவார்கள். இந்தியர் யாருக்கும் பொருந்தவில்லை என்றால்தான் வெளிநாட்டவர் பக்கம் போக வேண்டும் என்பது விதி. 2018இல் எழுந்த கேள்விகள் நியாயமானவை. அதை நான் மறைத்துப் பேசப் போவதில்லை. கேள்வி கேட்டதால்தான் கண்காணிப்பும் கூடியது.

உங்கள் ஊர்க் கொடுமை உயிரோடு இருப்பவரிடம் வாங்கி விற்பது. அதற்குத் தரகன் இருக்கிறான், விலை இருக்கிறது. இறந்தவர் தானத்தில் குடும்பத்துக்கும் ஒரு ரூபாய் கிடையாது, வாங்குபவருக்கும் விலை கிடையாது. சொல்லப்போனால், இப்படி வரும் சிறுநீரகங்கள் கூடினால்தான் பள்ளிபாளையத்துத் தரகனுக்கு வேலை போகும். 2024இல் தமிழ்நாட்டில் 268 பேரின் குடும்பங்கள் சம்மதித்தன. அதற்கு முந்தின ஆண்டு 178. அப்படியும் காத்திருப்போர் பட்டியல் ஆயிரக்கணக்கில் நிற்கிறது.

அக்கா, நினைவு நாளைப் பற்றி நான் தனியாக எழுதுகிறேன். இப்போது வார்டில் கூப்பிடுகிறார்கள்.

---

தறிக்காரன்
11 ஆகஸ்ட், இரவு 8.45

விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. நான்கு பேர் கையெழுத்து, ஆறு மணி நேரம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. என் சந்தேகம் ஒரே நாளில் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தரகனுக்கு வேலை போகும் என்று சொன்னீர்களே, அதை மட்டும் இன்றைக்குத் தறி ஓட்டும்போது நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

பேர் வேண்டாம்
12 ஆகஸ்ட், அதிகாலை 1.15

நான் கொடுக்காத அப்பா.

2016. என் மகள், 19 வயது. உறுப்பு தானம் கேட்டார்கள். கேட்க வந்த பெண்ணைக் கத்தினேன், வெளியே போ என்றேன். என் மகள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் சாவைப் பற்றி வீட்டில் பேசினதே இல்லை. பேசினால் நடந்துவிடும் என்று பயம்.

நான் செய்தது தவறு என்று இங்கே யாரும் எழுத வேண்டாம். சரி என்றும் எழுத வேண்டாம். அன்றைக்கு எனக்கு முடியவில்லை. பிற்பாடு அவள் நோட்டுகளை அடுக்கும்போது கல்லூரி ரத்த தான அட்டை கிடைத்தது. மூன்று முறை கொடுத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவே இல்லை. முன்பே பார்த்திருந்தால் அன்று வேறு மாதிரி நினைத்திருப்பேனோ என்னவோ.

அருப்புக்கோட்டை அம்மா, உங்கள் தம்பி சாப்பிடும்போது சொன்னான் என்று எழுதினீர்களே. அது பெரிய கொடுப்பினை.

---

இரவுப்பணி
12 ஆகஸ்ட், காலை 7.05

ஐயா, நீங்கள் வெளியே போ என்று சொன்ன பெண்ணின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். நாங்கள் யாரும் அதை மனசில் வைத்துக்கொள்வதில்லை. நம்புங்கள்.

இணையத்தில் பதிவு செய்து அட்டை வாங்கி வைத்திருக்கிறவர்கள்கூட வீட்டில் சொல்வதில்லை. அட்டை இருந்தாலும் குடும்பம் கையெழுத்துப் போடாமல் இங்கே ஒன்றும் நடக்காது. பீரோவுக்குள் இருக்கும் அட்டையைவிடச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொன்ன பேச்சுதான் அந்த ராத்திரியில் எங்கள் முன்னால் வந்து நிற்கும்.

---

சிவகாசிப் பெண்
12 ஆகஸ்ட், காலை 11.30

அக்கா, உங்கள் பக்கத்து ஊர்தான். தோல் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியில் நின்றுவிட்டேன்.

என் சித்தி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் மாட்டினவர். உடம்பில் பாதிக்கு மேல் தீக்காயம். அந்த வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், கட்டு மாற்றும் நேரம்தான் நரகம். கட்டோடு ஒட்டிக்கொண்டு வரும்போது பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் அம்மா என்று அலறுவார்கள். தோல் இல்லாத உடம்பில் இருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். சாகடிப்பது பெரும்பாலும் தீ இல்லை, அதற்கப்புறம் ஏறும் கிருமி. அங்கே ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார்: தானமாக வந்த தோல் இருந்தால் மேலே போர்த்திவிடலாம், இரண்டு மூன்று வாரம் தாங்கும், வலி குறையும், நீர் நிற்கும், அதற்குள் சொந்தத் தோலை எடுத்து வைக்க அவகாசம் கிடைக்கும். ரத்தப் பிரிவுகூடப் பொருந்த வேண்டியதில்லை. எங்களுக்கு அன்று கிடைக்கவில்லை. சித்தி பதினொன்றாம் நாள் போய்விட்டார்.

தோல் என்றதும் உரிப்பது என்று நினைத்துப் பயப்படுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். தொடையிலும் முதுகிலும் மேலாக, வெங்காயச் சருகு கனத்துக்குத்தான் எடுப்பார்கள். ரத்தம் வழியாது. கட்டுப் போட்டு, துணி சுற்றித் தந்துவிடுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கிளிசரினில் போட்டு ஐந்து வருஷம்வரை வைக்கலாம். கோவை கங்கா மருத்துவமனையில் தோல் வங்கி இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைத் தெரிந்துகொள்ளும் கடமை மற்றவர்களைவிட ஒரு படி அதிகம் என்று நான் நினைக்கிறேன். வருஷா வருஷம் நம் ஊர்ப் பெண்கள்தான் வேகிறார்கள்.

அம்மா தலையாட்டியதை நான் குறை சொல்லவில்லை அக்கா. எடுக்கச் சொன்னதே எவ்வளவு பெரிய மனசு. அடுத்த முறை யாராவது கேட்கும்போது நம் ஊரில் ஒருத்தருக்காவது தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

---

வன்னி மகள்
12 ஆகஸ்ட், மாலை 5.40

வவுனியாவில இருந்து எழுதுகிறேன்.

இலங்கையில் கண் தானம் பெரிய விசயம். வைத்தியர் ஹட்சன் சில்வா என்பவர் 1961இல் கண் தானச் சங்கத்தைத் தொடங்கினவர். அவருடைய அம்மா செத்தபோது அவவின்ட கண்ணை எடுத்து ஒரு ஏழை விவசாயிக்கு வைத்தவர். தாயின் கண்ணில் இருந்துதான் அந்தச் சங்கமே எழும்பினது என்று சொல்லலாம். 1964இல் சிங்கப்பூருக்கு அனுப்பத் தொடங்கி, பிறகு எத்தனையோ நாடுகளுக்கு இலங்கையின் கண்கள் போயிருக்கு. புத்த சமயத்தில் தானம் என்பது ஊறின விசயம் என்பதால் சிங்கள மக்களிடம் இது லேசாகப் பரவியது. எங்கட ஆக்களிடம் மெதுவாகத்தான் வருது.

எங்கட அம்மம்மா 82 வயதில் வீட்டிலேயே போனவ. கண்ணைக் குடுத்தோம். அவவுக்குக் கண்ணில வெள்ளை எடுத்த ஒப்பரேசனும் (கண்புரை) செய்திருந்தது, சீனி வருத்தமும் (சர்க்கரை நோய்) இருந்தது. இரண்டும் தடை இல்லை என்றுதான் சொன்னார்கள்.

31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கிறது எங்கட வழக்கம். செத்தவரின் வாழ்க்கை, குடும்ப மரம், தேவாரம், புலம்பல் எல்லாம் வரும் சின்னப் புத்தகம். அதில் ஒரு பக்கத்தில் அம்மம்மா கண் குடுத்ததை எழுதினோம். வேறு புகழ் ஒன்றும் போடவில்லை. எந்த மணிக்குச் செத்தவ, எத்தனை மணிக்குள் எடுத்தார்கள், ஆருக்கு ரெலிபோன் பண்ண வேணும், அதுவரை வீட்டில் என்ன செய்ய வேணும் என்று மட்டும். கல்வெட்டை ஒருத்தரும் எறிய மாட்டினம், சாமி அறையில் வைப்பினம். பிறகு இரண்டு வீடுகளில் செத்த வீடு நடந்தபோது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் ரெலிபோன் பண்ணினவையாம். அக்காவுக்கு உதவுமோ தெரியாது. ஃபிளெக்ஸைவிட நல்லது என்று நினைக்கிறேன்.

---

அருப்புக்கோட்டை அக்கா
12 ஆகஸ்ட், இரவு 9.20

வன்னி மகள், அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததை இங்கே போட முடியுமா?

---

வன்னி மகள்
13 ஆகஸ்ட், காலை 8.00

ஓம் அக்கா. சுருக்கமாக:

உயிர் போனதும் கண்ணிமைகளை மூடிவிடுங்கோ. ஈரப் பஞ்சை இமைக்கு மேல் வையுங்கோ. தலைக்குக் கீழே தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்துங்கோ. மின்விசிறியை நிறுத்துங்கோ, காற்று பட்டால் கருவிழி காய்ந்துவிடும். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேணும், ஆகவே அழுகைக்கு நடுவில் ஒராள் உடனே கண் வங்கிக்குச் சொல்லிவிடுங்கோ. எடுக்க 20 நிமிசம்தான் போகும்.

---

வைகைக்கரை
13 ஆகஸ்ட், காலை 10.15

மதுரைப் பக்கம் என்றால் அரவிந்த் கண் வங்கியில் வீட்டுக்கே வந்து எடுத்துப் போவார்கள். மூளைச்சாவு என்பது நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் சாவு. கண் அப்படி இல்லை. வீட்டில் மூப்பில் போகிற தாத்தா பாட்டி எல்லோரும் கொடுக்கலாம். வெறிநாய்க் கடி, எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி, ரத்தப் புற்று, உடம்பு முழுக்கக் கிருமி பரவிய சாவு போன்றவற்றில் எடுக்க மாட்டார்கள்.

என் அப்பாவுக்கு நான் ஏழாவது மணி நேரத்தில்தான் போன் பண்ணினேன். பந்தல்காரனுக்கும் ஐஸ் பெட்டிக்கும் முதலில் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் ஞாபகம் வந்தது. அப்பா உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருந்தார். அதை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

---

ஜூரோங் வாசி
13 ஆகஸ்ட், மதியம் 1.50

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சிங்கப்பூரில் சட்டமே வேறு. 1987 முதல் இங்கே, மறுப்பு எழுதிக் கொடுக்காத எல்லோரும் சம்மதித்தவர்கள்தான். முதலில் முஸ்லிம்களை அதில் சேர்க்கவில்லை. நாங்கள் தனியாகப் பதிந்தால்தான் உண்டு. 2007இல் இங்குள்ள இஸ்லாமிய மன்றம் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்து, 2008 ஆகஸ்ட் முதல் எங்களையும் சேர்த்தார்கள். அப்போது எங்கள் பள்ளிவாசலில் ரொம்ப விவாதம் நடந்தது. என் வாப்பா கடுமையாக எதிர்த்தார். மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, நோவினை செய்யக் கூடாது என்பது அவர் பக்கம். ஓர் உயிரைக் காப்பது எல்லா உயிரையும் காப்பது போல என்று இமாம் சொன்னார்.

வாப்பா மறுப்புப் படிவம் வாங்கி வந்து மேசையில் வைத்திருந்தார். பல மாதம் அது அங்கேயே கிடந்தது. கையெழுத்துப் போடவில்லை. ஒருநாள் உம்மா அதைக் கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

தாயகத்தில் குடும்பத்தைக் கேட்டுத்தான் செய்கிறார்கள். எது சரி என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உங்கள் அம்மா அந்த வேளையில் கேட்கப்பட்டு, யோசித்து, ஒன்றுக்குச் சரி என்றும் ஒன்றுக்கு வேண்டாம் என்றும் சொன்னார் பாருங்கள். அந்தச் சொல்லுக்கு இங்கே இடமில்லை. அதை நான் மதிக்கிறேன்.

---

குடந்தைக்காரர்
13 ஆகஸ்ட், இரவு 11.10

மூன்று நாளாகப் படித்துவிட்டு எழுதாமல் இருந்தேன். நான் வாங்கினவன். 2019இல் எனக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. சொல்லவும் மாட்டார்கள்.

அதற்குமுன் நான்கு வருஷம் டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து வைத்திருப்பார்கள், தொட்டால் பம்புசெட் மாதிரி அதிரும். ராத்திரி தலைக்குக் கை வைத்துப் படுத்தால் அந்தச் சத்தம் காதில் கேட்கும். தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லிட்டர். சித்திரை வெயிலில் அரை லிட்டர். காவிரிக் கரையில் பிறந்துவிட்டு, ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மகன் என் எதிரில் தண்ணீர் குடிக்க மாட்டான், சமையலறைக்குப் போய்க் குடிப்பான். ஆறு வயதுப் பிள்ளை.

ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு போன். சாப்பிடாமல் கிளம்பி வாருங்கள் என்றார்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை நடந்தது. கண் விழித்தபோது நர்ஸ் படுக்கைக்குக் கீழே தொங்கின பையைத் தூக்கிக் காட்டினார். சிறுநீர். நான்கு வருஷமாகச் சொட்டுச் சொட்டாக நின்றுபோனது பை நிறைய. இதைப் பொதுவில் எழுதலாமா தெரியவில்லை, ஆனால் என் வாழ்க்கையில் அதைவிட அழகான ஒன்றை நான் பார்க்கவில்லை.

அதே நேரத்தில் எங்கோ ஒரு வீட்டில் பந்தல் போட்டிருப்பார்கள் என்று அன்று மாலைதான் உறைத்தது. அழுதேன். நான் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது யாரோ சாக வேண்டும் என்று வேண்டினதாக ஆகிவிட்டதோ என்று ரொம்ப நாள் உறுத்தல். ஒருங்கிணைப்பாளர்தான் சொன்னார்: அவர் உங்களுக்காகச் சாகவில்லை, அவர் எப்படியும் போய்விட்டார், அதற்கப்புறம் அவர் வீட்டார் ஒன்று செய்தார்கள், அவ்வளவுதான். பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதி அவரிடம் கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததா தெரியாது.

அக்கா, உங்கள் அம்மா பஸ்ஸில் தேடுகிறார் என்று எழுதினீர்கள். அவரிடம் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்கள் காலை 9, இரவு 9 என்று ஒரு நாள் தவறாமல் மாத்திரை போடுகிறோம். உடம்பு அந்தச் சிறுநீரகத்தை அன்னியம் என்று தள்ளிவிடாமல் இருப்பதற்கு. ஒரு வேளை விட்டாலும் ஆபத்து. என் போனில் அலாரம் உண்டு. கல்யாண வீட்டிலும், ரயிலிலும், அம்மாவின் சாவு வீட்டிலும் அந்த மணிக்கு எழுந்து போட்டிருக்கிறேன். மாத்திரையை வாயில் வைக்கும்போது கண்ணை மூடி ஒரு நொடி கும்பிடுவேன். பெயர் தெரியாததால் "அண்ணே" என்று சொல்லுவேன். அது அண்ணனா அக்காவா என்றும் தெரியாது. தினமும் இரண்டு தடவை. எங்கள் திதி அதுதான்.

---

இரவுப்பணி
14 ஆகஸ்ட், காலை 6.40

குடந்தைக்காரர் சார், பணி முடிந்து பேருந்தில் படித்தேன். ஏன் இந்த வேலையில் இருக்கிறேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். இன்று உங்கள் பதிவைக் காட்டப் போகிறேன்.

அக்கா, நினைவு நாள் பற்றி எழுதுகிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த குடும்பங்கள் பல மாதிரி செய்கிறார்கள். ஒரு வீட்டில் வருஷா வருஷம் ரத்த தான முகாம். ஒரு வீட்டில் அந்த நாளன்று எங்கள் ஐசியூ வாசலில் காத்திருப்பவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். ஒரு வீட்டில் ஒன்றுமே செய்ய வேண்டாம் என்றார்கள், அதுவும் சரிதான். உங்கள் அம்மாவைக் கேளுங்கள். ஊரை வேண்டாம்.

---

அருப்புக்கோட்டை அக்கா
7 செப்டம்பர், இரவு 10.05

திதி முடிந்தது. சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே எழுதின எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிபாளையத்துத் தம்பி கேட்டதற்கு "அந்தப் புள்ளை கேட்டது நியாயந்தான்" என்றார். மகளைப் பற்றி எழுதின ஐயாவின் பதிவைப் படித்தபோது எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். திரும்பி வந்து, "அவருக்கு ஒண்ணும் எழுதாதே, ஆனா நான் கேட்டேன்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன் ஐயா.

ஃபிளெக்ஸ் வைக்கவில்லை. பரிகாரமும் செய்யவில்லை. பெரியப்பாவிடம் அம்மாவே பேசினார். "சர்க்காரு மாலை போட்டு அனுப்புன புள்ளைக்கு இன்னும் என்ன பரிகாரம்" என்று கேட்டார். கோட்டாட்சியர் வந்து மலர்வளையம் வைத்ததைப் பெரியப்பா முன்வரிசையில் நின்று பார்த்தவர். அதற்குமேல் பேசவில்லை.

படையலுக்கு இலை போடும்போது அம்மா, "இன்னும் அஞ்சு இலை போடு" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "அந்த அஞ்சு பேரும் வர முடியாதுல்ல. ரோட்டுல போறவுங்களைக் கூப்பிடு." இளநீர்க்காரர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், டவுன் பஸ்ஸுக்கு நின்ற ஒரு கிழவியும் பேத்தியும், பக்கத்துத் தெரு லைன்மேன். அம்மா கையாலேயே பரிமாறினார். ரசம் வேண்டுமா, மோர் வேண்டுமா என்று அந்த ஐந்து இலையையே சுற்றி வந்தார். தண்ணீர் டம்ளரை மட்டும் அடிக்கடி நிரப்பிக்கொண்டிருந்தார். குடந்தைக்காரர் அண்ணே, அது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும்.

வன்னி மகள் கொடுத்ததை நம் ஊர்ப் பேச்சில் மாற்றி, கீழே சிவகாசித் தங்கை சொன்ன தோல் விவரத்தையும் சேர்த்து ஒரு அட்டை அடித்தோம். தம்பி போட்டோ சின்னதாக ஓரத்தில். பட்டறைக்காரர்தான் செலவு ஏற்றுக்கொண்டார், 200 அட்டை. வந்தவர்கள் கையில் வெற்றிலை பாக்கோடு கொடுத்தோம். தோல் விவரம் வேண்டாம் என்று மச்சான் சொன்னார். அம்மாதான் போடச் சொன்னார். "எனக்கு அன்னைக்கு யாரும் இப்பிடி வெவரமாச் சொல்லலே" என்றார்.

இன்னொன்று. எங்கள் பக்கத்து வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு சீரியல் பாட்டுச் சத்தம் கேட்கும். இப்போதெல்லாம் அது கேட்டவுடன் அம்மா கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். "இந்நேரம் மாத்திரை போட்டுருப்பாங்கள்ல?"

போட்டிருப்பார்கள் அம்மா என்று சொல்கிறேன்.